ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன கிடைத்தது?

1950-களின் தொடக்கம்வரை காசநோய் வந்தவரை வீட்டில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று சொன்னால் மருத்துவர்களே ஏற்றிருக்க மாட்டார்கள். நல்ல காற்று, முழு ஓய்வு, சத்தான சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை: சானடோரிய வைத்தியத்தின் அடிப்படை இதுதான். தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் பெயர் தந்த மருத்துவமனை அந்தக் காலத்தின் நம்பிக்கையில் எழுந்தது. ஐசோனியசிட் போன்ற வீரியமான மாத்திரைகள் வந்த பிறகும் அந்த நம்பிக்கை அசையவில்லை. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். படுக்கைகளோ மிகச் சில.

வீட்டுச் சிகிச்சை போதுமா என்று சோதித்துப் பார்க்க 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் துணிந்தது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், இந்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறு பாதி நெரிசலான தன் வீட்டிலேயே தங்கியது. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு மோசம், ஓய்வும் குறைவு. ஆண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். ஐந்தாண்டு தொடர்ந்து கண்காணித்தபோது அந்தச் சிறிய இடைவெளியும் மறைந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

மருந்துச் சோதனையின் பலத்தைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பெரிய மருத்துவர்களின் அனுபவம், நூறாண்டுப் பழக்கம், பொதுப் புத்தி எல்லாம் ஒரு பக்கம் நின்றன. குலுக்கல் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. யார் எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை மருத்துவர் தீர்மானித்திருந்தால், தேறிவிடுவார் என்று தோன்றியவர்களைத் தன்னை அறியாமலே ஒரு பக்கம் சேர்த்திருப்பார். முடிவும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைத் தடுக்கக் குலுக்கலைப்போல் நம்பகமான வழி வேறு இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்ததற்குச் சென்னையின் அந்த 193 பேர் முக்கியமான காரணம்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவு வந்தாலும் அதைச் சொல்லிவிடுவது இந்த முறையின் இன்னொரு நேர்மை. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று கண்டது. குழந்தைகளைத் தாக்கும் கடுமையான வடிவங்களிலிருந்து அது காக்கிறது என்பதால் இன்றும் போடப்படுகிறது. ஆனாலும் அந்தக் கசப்பான முடிவு மறைக்கப்படாமல் வெளியானது.

என்னை உறுத்துவது கணக்கு முறை அல்ல. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் வைக்கப்படும் ஒப்பீட்டுக் குழுவின் நிலை. 2000-இல் திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. 30 முதல் 59 வயதுவரையிலான பெண்களில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்துச் சோதித்தார்கள். மலிவான, எளிய முறை. 2007-இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்ட பிரிவில் இந்த நோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்தது. மறு பிரிவில் இருந்த சுமார் 31,000 பெண்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. ஆய்வுக்குழு அவர்களுக்குப் பரிசோதனை செய்யவில்லை. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதே போன்ற ஆய்வுகள் நடந்தன. மூன்றிலும் பரிசோதனை பெறாத பிரிவுகளில் 254 பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார்கள்.

ஆய்வாளர்களின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. அன்று அந்தக் கிராமங்களில் எந்தப் பரிசோதனைத் திட்டமும் இல்லை. இருந்த எதையும் நாங்கள் பறிக்கவில்லை என்கிறார்கள். உண்மைதான். அந்த ஆய்வு இல்லாவிட்டால் சோதிக்கப்பட்ட பெண்களுக்கும் எதுவும் கிடைத்திருக்காது. ஆனால் கருப்பைவாய்ப் பரிசோதனை உயிர்காக்கும் என்பது பணக்கார நாடுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறிந்த செய்தி. அந்த நாடுகளில் இப்படி ஒரு ஒப்பீட்டுக் குழுவை அமைக்க எந்த அறநெறிக் குழு அனுமதித்திருக்கும்? ஒன்றும் கிடைக்காத நிலையையே வழக்கமான சிகிச்சை என்று பெயரிட்டு ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டால், வறுமையே ஆய்வுக்கு வசதியாகிவிடுகிறது. இரண்டு மலிவான முறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டிருக்கலாம். முடிவு அவ்வளவு கூர்மையாக வந்திருக்காது, செலவும் கூடியிருக்கும். அதை ஏற்றிருக்க வேண்டும் என்பதே என் தீர்ப்பு.

சம்மதத்தின் கதை இன்னும் மோசம். 2009-இல் கம்மம் மாவட்டத்தில் நடந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுப்பதற்கான எச்.பி.வி. தடுப்பூசித் திட்டத்தில், சிறுமிகளின் பெற்றோர் போட வேண்டிய கையெழுத்தைப் பல படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே போட்டிருந்தார்கள். 2013-இல் நாடாளுமன்றக் குழு இதைக் கண்டித்தது. இழப்பீடும் அறநெறிக் குழுக்களின் பதிவும் 2013-இலேயே கட்டாயமாயின; 2019-இல் வந்த புதிய விதிகளும் அவற்றைத் தொடர்ந்தன. சோதனை முடிந்த பிறகும் பங்கேற்றவருக்கு மருந்து இலவசமாகத் தொடர வழி செய்தன. ஆனால் அதற்கு ஆய்வு மருத்துவரின் பரிந்துரையும் அறநெறிக் குழுவின் ஒப்புதலும் தேவை, மாற்றுச் சிகிச்சையும் இருக்கக்கூடாது. உடலைக் கொடுத்தவருக்கு இவ்வளவு நிபந்தனை நியாயமில்லை.

ஒப்பீட்டுக் குழுவை வேறு விதமாகவும் நடத்தலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது, அதுவும் காசநோயிலேயே. சென்னை ஆய்வைப் பார்த்தவர்கள் பலர் உணவு முக்கியமில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்குத்தான் அந்த ஆய்வு பதில் சொன்னது. பட்டினி நோயை வரவழைக்கிறதா என்று அது கேட்கவே இல்லை. அந்தக் கேள்வியை 2019-இல் ஜார்க்கண்டில் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் எழுப்பினார்கள். நோயாளிகள் அனைவருக்கும், எந்தப் பிரிவில் இருந்தாலும், மாதம் 10 கிலோ உணவுப் பொருள். ஒரு பிரிவில் மட்டும் குடும்பத்தாருக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் தந்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அங்கேயும் ஒப்பீட்டுக் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு இல்லை. அந்தக் குறை இருக்கிறது. ஆனால் நோயாளி ஒருவரும் பசியோடு விடப்படவில்லை. அரிசிக்கும் பருப்புக்கும் காப்புரிமை கிடையாது. இப்படி ஒரு கேள்வியை எந்த மருந்து நிறுவனமும் பணம் போட்டுக் கேட்காது. பொதுப் பணம்தான் கேட்க முடியும்.

உங்களையோ உங்கள் வீட்டாரையோ ஒரு மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் பயந்து ஓட வேண்டாம். கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: மறு பிரிவில் விழுந்தால் எனக்கு என்ன சிகிச்சை? பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு? முடிந்த பிறகு மருந்து தொடருமா? இந்தியாவில் நடக்கும் சோதனைகளுக்கான தேசியப் பதிவேட்டில் அதன் எண் என்ன? அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.