சல்லடையும் தராசும்

ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும் புரொபோசலில் ஒரு பக்கம் எனக்கு எப்போதுமே வேடிக்கையாக இருக்கும். மூன்று ஆண்டுகளை ஆறாறு மாதமாகப் பிரித்துக் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் எது தெரியவரும் என்று நிழலடித்துக் காட்ட வேண்டும். எது தெரியவரும் என்று இப்போதே தெரிந்திருந்தால் ஆராய்ச்சி எதற்கு? எழுதுகிறவருக்கும் இது தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். ஆனாலும் கட்டத்தைக் காலியாக விட்டால் மார்க் குறைந்துவிடும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் போகிறது என்று ஆஸ்திரேலியாவில் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அந்நாட்டின் தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்துக்கு 2012இல் போன 3,727 விண்ணப்பங்களை எழுத, ஆய்வாளர்களின் உழைப்பில் ஏறத்தாழ 550 ஆண்டுகள் கரைந்திருக்கின்றன. சம்பளமாகப் பார்த்தால் 6.6 கோடி ஆஸ்திரேலிய டாலர். புதிய விண்ணப்பம் ஒன்றுக்குச் சராசரியாக 38 வேலை நாள். கடைசியில் பணம் கிடைத்ததோ ஐந்தில் ஒருவருக்கு. டேனியல் ஹெர்பர்ட், ஏட்ரியன் பார்னெட் முதலானோர் 2013இல் வெளியிட்ட இந்த ஆய்வில் என்னை உறுத்தியது வேறொரு முடிவு: கூடுதல் நாள் உட்கார்ந்து எழுதியவருக்குக் கூடுதல் வாய்ப்பு ஏதும் இருக்கவில்லை.

அதற்காக எழுதுவதே வீண் என்று சொல்லிவிட முடியாது. மனதில் மூட்டமாக இருந்த யோசனை தாளில் இறங்கும்போதுதான் அதன் ஓட்டைகள் தெரிகின்றன. அந்த நன்மை முதல் பத்து நாளிலேயே வந்துவிடுகிறது. மீதி நாள்கள் கருவிக்கு மூன்று கம்பெனிகளிடம் கொட்டேஷன் வாங்குவதிலும், தன்விவரக் குறிப்பை அந்தந்த நிறுவனத்தின் அச்சுக்கு மாற்றுவதிலும், பதிவாளர் கையெழுத்துக்காகக் காத்திருப்பதிலும் போகின்றன. இவற்றால் யோசனை ஒரு அங்குலமும் கூர்மையடைவதில்லை.

இவ்வளவு செலவும் நியாயமாக வேண்டுமானால் மறுபக்கத்தில் ஒன்று உண்மையாக இருக்க வேண்டும். விண்ணப்பங்களைப் படிக்கும் கமிட்டிக்கு நல்லதிலிருந்து மிக நல்லதைப் பிரித்தெடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரிகிறதா?

ஸ்டீபன் கோல், ஜொனாதன் கோல், கேரி சைமன் மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு வந்த 150 விண்ணப்பங்களை வேறு மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 1981இல் அவர்கள் சொன்ன முடிவு: ஒரு விண்ணப்பத்தின் தலையெழுத்தில் ஏறத்தாழப் பாதி அதன் தரத்தைப் பொறுத்தது, மறுபாதி யார் கையில் சிக்குகிறது என்ற அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2018இல் விஸ்கான்சின் குழு ஒன்று இன்னும் கடுமையான செய்தியோடு வந்தது. புற்றுநோய் ஆய்வுக்கான 25 விண்ணப்பங்களை 43 பேர் மதிப்பிட்டார்கள். ஒரே விண்ணப்பத்துக்கு இருவர் போட்ட மதிப்பெண்களுக்கு நடுவே இருந்த ஒற்றுமை, சம்பந்தமில்லாத இரண்டு விண்ணப்பங்களின் மதிப்பெண்களுக்கு நடுவே இருந்ததைவிட அதிகமில்லை.

இதை வைத்துக்கொண்டு ‘எல்லாமே சூதாட்டம்’ என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த 25ம் முதல் முறையோ மறுமுறையோ நிதி பெற்றவை. அதாவது, ஏற்கெனவே சலித்தெடுத்த அரிசி. முதல் தர அரிசியில் எது இன்னும் உயர்ந்த மணி என்று இருவர் ஒத்துப்போகவில்லை என்பதால், அவர்களுக்கு அரிசிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது என்று ஆகிவிடாது.

கமிட்டியை ஆதரிக்கும் தரப்பின் வாதத்துக்கும் வலு உண்டு. டேனியல் லீ, லைலா ஆகா இருவரும் 1980 முதல் 2008 வரை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வழங்கிய 1,30,000க்கும் மேற்பட்ட நல்கைகளை ஆராய்ந்து, நல்ல மதிப்பெண் பெற்றவையே பிற்பாடு அதிகக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் காப்புரிமைகளையும் தந்தன என்று 2015இல் காட்டினார்கள். கமிட்டிக்குக் கண் இருக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. மறு ஆண்டே ஃபெரிக் ஃபாங், ஆந்தனி பவன், ஆர்ட்டுரோ கசாடேவால் மூவரும் அதே தரவை மறுபடி கிளறினார்கள். முதல் 20 சதவீதத்துக்குள் வந்த விண்ணப்பங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் மதிப்பெண்ணுக்கும் விளைவுக்கும் இருந்த தொடர்பு மிக மெலிந்துபோயிருந்தது. நிதி கிடைப்பதும் கிடைக்காததும் தீர்மானமாவது அந்த இடத்தில்தான்.

இரண்டு கட்சிகளையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் படுவது இது: கமிட்டி நல்ல சல்லடை, மோசமான தராசு.

ஒரு தேர்வுக் கமிட்டியில் நானும் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். ஆளுக்குப் பத்து நிமிடம் பவர்பாயிண்ட், ஐந்து நிமிடம் கேள்வி. எதெல்லாம் வேண்டாம் என்பதில் சண்டையே வரவில்லை. ஒருவர் கேட்ட கருவிக்கும் செய்யப்போவதாகச் சொன்ன வேலைக்கும் சம்பந்தமில்லை. இன்னொருவர் தன் பழைய புரொபோசலுக்குப் புது அட்டை போட்டிருந்தார். மிஞ்சிய பதினாறில் ஏழைப் பொறுக்கச் சொன்னபோதுதான் அறையின் சூடு ஏறியது. ஒருவருக்கு 7.8, அடுத்தவருக்கு 7.6. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணுக்கு எங்களில் யாராலும் காரணம் சொல்லியிருக்க முடியாது. நானும் போட்டேன். சாப்பாட்டு மணி நெருங்கியபோது போட்டவற்றைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

அப்படியானால் சலித்து நின்றதில் சீட்டுக் குலுக்கினால் என்ன? நியூசிலாந்தின் நலவாழ்வு ஆய்வு மன்றம் 2013இல் தன் நல்கைகளில் ஒரு வகைக்கு அப்படித்தான் செய்யத் தொடங்கியது. தகுதி உண்டா இல்லையா என்று மட்டும் கமிட்டி பார்க்கும். மிச்சத்தைக் குலுக்கல் பார்த்துக்கொள்ளும். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் அறக்கட்டளையும் துணிச்சலான யோசனைகளுக்கென வைத்த திட்டம் ஒன்றில் இதைச் சோதித்தது. நமக்கு இது புதிதல்ல. உத்திரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க இதே முறையைத்தான் வரிவரியாகச் சொல்கிறது: முதலில் தகுதி, பிறகு குடத்தில் ஓலை, எடுப்பது ஒரு சிறுவன். முந்தைய மூன்றாண்டில் வாரியத்தில் இருந்தவருக்கு இடமில்லை. இருந்தபோது கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் கிடையவே கிடையாது. செலவுக் கணக்குச் சான்றான ‘யூ.சி.’ கொடுக்காதவருக்கு அடுத்த தவணை இல்லை என்று இன்று சொல்கிறோமே, அதன் கொள்ளுத்தாத்தா இது.

உத்திரமேரூரைப் பெருமையாக மேற்கோள் காட்டுபவர்கள் அந்தக் கல்வெட்டின் முதல் பாதியை நிதானமாகப் படிக்க வேண்டும். வரி கட்டும் நிலம் பொதுவாகக் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் விழவே இல்லை. குடத்துக்குள் எல்லா ஓலைக்கும் ஒரே வாய்ப்புத்தான். அநீதி நடந்ததெல்லாம் குடத்தின் வாயில். ஆய்வுக் குலுக்கலுக்கும் என் முதல் ஆட்சேபம் இதுதான். தகுதி என்ற பெயரில் பெரிய பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளின் எண்ணிக்கையையும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டால், மாவட்டக் கல்லூரி ஆசிரியருக்குக் குலுக்கல் வந்தும் பயனில்லை. தகுதிச் சோதனை விண்ணப்பத்தின் யோசனையை மட்டும், முடிந்தால் பெயரை மறைத்துப் பார்க்க வேண்டும்.

குலுக்கலைத் தவிர இன்னொரு வழியும் உண்டு: பிரிட்டனில் வந்த பயிலரங்க முறை. பொறியியல், இயற்பியல் அறிவியல்களுக்கான அந்நாட்டு ஆய்வு மன்றம் இதற்கு வைத்த பெயர் ‘மணல் குழி’. இருபது முப்பது பேரை ஐந்து நாள் ஓரிடத்தில் தங்கவைத்து, பேசிப் பேசியே திட்டங்களை உருவாக்கச் செய்து, அங்கேயே மதிப்பிட்டு நிதிக்குத் தேர்ந்தெடுப்பார்கள். மாதக்கணக்கில் எழுதும் வேலை மிச்சம். துறை தாண்டிய நட்புகளும் கிடைக்கும். ஆனால் கைக்குழந்தையை விட்டு ஐந்து நாள் போக முடியாதவர், கூட்டத்தில் சட்டென்று பேச வராதவர், யோசித்து மறுநாள் பதில் சொல்லும் பழக்கமுள்ளவர் எல்லாரும் அங்கே தோற்கிறார்கள். தாளில் எழுதச் சொல்வதே அவர்களுக்குப் பாதுகாப்பு. மணல் குழியைவிட நான் பழைய புரொபோசலையே தேர்வேன், ஆனால் இரண்டு பக்கத்தில்.

இரண்டு பக்கம் போதுமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. கணிதத்துக்கும் கோட்பாட்டு அறிவியலுக்குமான ‘மேட்ரிக்ஸ்’ திட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வீதம் மூன்று ஆண்டுக்குக் கொடுத்தார்கள். கருவிப் பட்டியல் புராணம் கிடையாது. கணக்கு என்ன, எப்படி அணுகப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. சின்னத் தொகைக்குச் சின்ன விண்ணப்பம். கோடிக்கணக்கில் கருவி வாங்கும் திட்டத்துக்கு இது பொருந்தாது. அங்கே நீண்ட பரிசீலனையும் வேண்டும், நேரில் போய்ப் பார்ப்பதும் வேண்டும். பெருந்தொகையைச் சீட்டில் விட நான் சொல்லமாட்டேன்.

சிறு, நடுத்தர நல்கைகளுக்கு மட்டும் சல்லடைக்குப் பிறகு சீட்டு என்பதே என் தீர்ப்பு. ‘அதிர்ஷ்டத்தில் கிடைத்தது என்று சொன்னால் ஆய்வாளருக்கு மதிப்பு போய்விடாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். இப்போது வரும் மறுப்புக் கடிதங்களில் என்ன மதிப்பு இருக்கிறது? ‘உங்கள் திட்டம் தகுதி பெற்றது, சீட்டில் வரவில்லை’ என்று எழுதினால் அது உண்மையாகவாவது இருக்கும். எனக்கு ஒரு முறை வந்த கடிதத்தில் முதல் மதிப்பீட்டாளர் ‘மூன்றாண்டுக்கு இது பேராசை’ என்றும், இரண்டாமவர் ‘துணிச்சல் போதவில்லை’ என்றும் எழுதியிருந்தார்கள். அதே புரொபோசலை, தேதியைத் தவிர எதையும் மாற்றாமல், மறு ஆண்டு அனுப்பினேன். பணம் வந்தது.