ஏறாவூர்க் காட்டு யானையும் மன்னார்க் கடற்காகமும்

1925 ஆம் ஆண்டளவில் ஏறாவூர்க் காட்டில் யானைக்கன்று ஒன்று பிடிபட்டது. 1937 இல் அதைக் கண்டி தலதா மாளிகைக்குக் கொடுத்தார்கள். 1950 முதல் எசல பெரஹரா ஊர்வலத்தில் புத்தரின் புனித தந்தப் பேழையை அதுவே சுமந்தது. 1986 இல் அரசு அதைத் தேசியச் செல்வம் என்று அறிவித்தது. 1988 யூலையில் இறந்தது. பதப்படுத்திய அதன் உடலை மாளிகை வளாகத்தில் இன்றும் பார்க்கலாம். அதன் பெயர் ராஜா.

ஏழு சின்ன வசனங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் தரம் 3 பிள்ளையும் முடித்துவிடும். முடித்த பிறகு கேள்விகள் வரும். தாய் யானை என்ன ஆனது? காட்டில் எப்படிப் பிடித்தார்கள்? ஏறாவூரிலிருந்து கண்டிக்கு நடந்தே போனதா? இந்தக் கேள்விகளை அடுத்த பக்கத்திலோ, தாத்தாவிடமோ, அருங்காட்சியகத்திலோ போய்த் தேடலாம். பஞ்சதந்திரத்து நரியிடம் அதற்கு வழியில்லை. அந்த நரி தந்திரம் செய்யப்போகிறது என்பதும், கடைசியில் ஒரு நீதி வரும் என்பதும் முதல் வரியிலேயே பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டுக்கதை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. உண்மையில் வாழ்ந்த ஒரு விலங்கின் கதைதான் வாசிக்கத் தொடங்கும் பிள்ளையை அடுத்த வரிக்கு இழுத்துச் செல்லும் என்று உறுதியாக நம்புகிறேன். அந்தக் கதைகளுக்கு இலங்கையிலும் குறைவில்லை, இந்தியாவிலும் குறைவில்லை. அவை வகுப்பறைக்குள் வரும் பாதைதான் வேறுபடுகிறது.

இலங்கையில் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் இலவசமாக எல்லாப் பாடசாலைக்கும் போகிறது. நல்ல கதை ஒன்று அதில் இடம்பிடித்தால் ஊர்காவற்றுறையிலும் அட்டனிலும் ஒரே ஆண்டில் வாசிக்கப்படும். சிங்களப் பிள்ளையும் தன் மொழியில் அதையே வாசிக்கலாம். மட்டக்களப்பின் ஏறாவூரில் தொடங்கிக் கண்டியில் முடியும் ராஜாவின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. ஆனால் பாடநூலுக்கு வெளியே வேறு புத்தகத்தைத் தொட்டறியாத பிள்ளைகள் வன்னியிலும் தோட்டப் பாடசாலைகளிலும் இருக்கிறார்கள். தரம் 4 வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சையின் நெருக்குதல் தொடங்கிவிடுகிறது. கடந்தகால வினாத்தாள்கள் வாசிப்பின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. விலங்குகளோ தமிழ்ப் பாடத்தைவிட்டுச் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளுக்குப் போய், எது எங்கே வாழும், எதைத் தின்னும் என்ற பட்டியலாகிவிடுகின்றன.

தமிழ்நாட்டில் வாசிப்புப் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பள்ளிக் கல்வித் துறை 2022 இல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று சிறுவர் இதழ்களைத் தொடங்கியது. பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் எவரும் கதையை இலவசமாக எடுக்கலாம், தம் மொழியில் எழுதிச் சேர்க்கலாம். பாடநூலிலும் விலங்குகள் உண்டு. ஆறாம் வகுப்புத் தமிழில் ‘சிறகின் ஓசை’ வலசையைச் சொல்கிறது, ஏழாம் வகுப்பில் ‘விலங்குகள் உலகம்’ முண்டந்துறைக் காட்டுக்குள் அழைத்துப் போகிறது. நல்ல பாடங்கள்தாம். ஆனாலும் அங்கே வருவது யானை என்னும் இனம். பெயரும் பிறந்த இடமும் உள்ள ஒரு யானை வரவில்லை. அத்தோடு, வாசிப்புப் பழக்கம் ஊன்ற வேண்டிய வயதும் அதற்குள் கடந்துவிடுகிறது.

இந்திய நடுவண் பாடநூல் ஒன்றில் நீண்டகாலம் இருந்த ஒரு கடிதத்தை இங்கே நினைக்கிறேன். நான்காம் வகுப்புச் சூழலியல் நூலில் குஜராத்தின் கல்வியாளர் கிஜுபாய் பதேகா பிள்ளைகளுக்கு எழுதியது. கருஞ்சிட்டு கற்களுக்கிடையே கட்டிய கூட்டிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பறவையும் எங்கே, எதைக் கொண்டு கூடு கட்டுகிறது என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவார். நீங்களும் போய்ப் பாருங்கள் என்பார். மொழிப் பாடம் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் பார்த்ததை வரிசையாகச் சொல்லும் எழுத்துக்கு அதைவிட நல்ல மாதிரியை நான் கண்டதில்லை.

பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதுதான் உண்மைக் கதை கற்றுத்தரும் மிகப் பெரிய மொழித்திறன். உடவளவையில் 1995 முதல் இயங்கும் யானைக்கன்றுகளுக்கான இடைத்தங்கல் நிலையத்தில், தாயை இழந்த கன்றுகளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். வளர்ந்ததும் காட்டில் விடுகிறார்கள். இதைப் பற்றி எழுதும் பிள்ளை, ‘கன்று கவலைப்பட்டது’ என்று எழுதக்கூடும். ‘எப்படித் தெரியும்?’ என்று ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். ‘பால் குடிக்காமல் ஒதுங்கி நின்றது’ என்று கண்ணால் கண்டதை எழுதக் கற்றுக்கொள்ளும்.

உண்மைக் கதையில் நோவும் இருக்கும். பின்னவலை யானைகள் காப்பகத்தில் வளர்ந்த சாமா என்ற யானை, மிதிவெடியில் முன்கால் ஒன்றை இழந்தது. இதைச் சிறுவருக்குச் சொல்ல நாம் தயங்குகிறோம். வன்னிப் பிள்ளைகளோ மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைப் பார்த்தே வளர்ந்தவர்கள். நோவை மறைக்காத இடமும் உண்டு. இந்தியாவின் நாகாலாந்தில் 2012 இல் தொயாங் நீர்த்தேக்கத்தருகே வலைவிரித்து அமூர் வல்லூறுகளை ஆயிரக்கணக்கில் கொன்றார்கள். வலை விரித்தவர்கள் அருகிலிருந்த கிராமங்களின் தந்தையர்களே. மறு ஆண்டு கொலை நின்றது. பிள்ளைகளுக்கென்றே சூழல் கழகங்கள் தொடங்கின. நாகா, வோக்கா, பாங்தி என்று பெயரிட்ட மூன்று வல்லூறுகள் முதுகில் செய்மதிக் கருவியோடு ஆபிரிக்காவை நோக்கிப் பறந்தன. நடந்ததை அந்தப் பிள்ளைகளிடம் எவரும் மறைக்கவில்லை. ஒரு பறவைக்குப் பாங்தி என்ற தம் கிராமத்தின் பெயரே கிடைத்ததையும் அவர்கள் கண்டார்கள்.

நம்மிடமும் அப்படி ஒரு பறவை இருக்கிறது. 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்திய ‘மேகா’ என்ற கடற்காகம், இந்தியாவைக் கடந்து ஆர்க்டிக் பகுதியிலுள்ள ரஷ்யாவின் யமால் வரை போய், ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர் பறந்து மன்னாருக்கே திரும்பியது. அந்த இனத்துக் கடற்காகங்கள் பாக்கு நீரிணையின் மறுகரையிலும் மாரிகாலத்தைக் கழிக்கின்றன. ஓர் ஆசிரியர் இந்தப் பயணத்தைப் பத்துப் பன்னிரண்டு வசனங்களில் எழுதினால், மன்னாரில் ஒரு வகுப்பும் இராமேசுவரத்தில் ஒரு வகுப்பும் ஒரே வாரத்தில் அதை வாசிக்கலாம். பிறகு தத்தம் கடற்கரைக்குப் போய், எந்தப் பறவை வந்திருக்கிறது, என்ன செய்கிறது என்று பார்த்து ஒருவருக்கொருவர் எழுதலாம். ஒக்டோபரில் வலசைப் பறவைகள் வந்திறங்கும். முதல் கடிதத்தை அந்த மாதத்தில் எழுதலாம்.