ஹான்ஸின் கேள்வி

ஃப்ராய்டைப் படிக்கிறவர்கள் பியாஜேயைப் படிப்பதில்லை. பியாஜேயைப் படிக்கிறவர்கள் என்று நம்மூரில் தனியாக யாரும் இல்லை, பி.எட். வகுப்பில் நான்கு கட்டங்களை மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, மறந்துபோனவர்கள்தான் உண்டு. இதனால் குழந்தை நம் விமர்சனத்தில் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒன்றுக்கு இச்சை மட்டும் உண்டு, மற்றதற்கு அறிவு மட்டும். இரண்டும் ஒரே உடம்பில்தான் வளர்கின்றன என்பது ஏனோ யாருக்கும் உறைப்பதில்லை.

ஃப்ராய்ட் 1909இல் வெளியிட்ட ‘குட்டி ஹான்ஸ்’ வரலாற்றை இந்தக் கோணத்தில் திரும்ப வாசிக்கலாம். குதிரையைக் கண்டு பயந்த வியன்னாச் சிறுவன். எல்லோரும் குதிரையில் தொடங்கி ஈடிபஸில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது குதிரைக்கு முந்தைய பக்கங்கள். ரயில் எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறுவதைப் பார்க்கிறான், நாலு வயதுகூட நிரம்பாத பையன். எஞ்சின் மூத்திரம் போகிறதே, அதனுடைய குஞ்சு எங்கே? (நம் வீட்டுச் சொல்லையே வைத்துக்கொள்வோம்.) கொஞ்சம் யோசித்துவிட்டுத் தானே தீர்ப்பும் சொல்கிறான்: நாய்க்கு உண்டு, குதிரைக்கு உண்டு, மேஜைக்கும் நாற்காலிக்கும் இல்லை. உயிருள்ளது எது, உயிரற்றது எது என்ற பாகுபாட்டை எந்த வாத்தியாரும் சொல்லித்தராமல் அவன் அடைந்துவிட்டான். தொல்காப்பியர் மரபியலில் புலன்களை எண்ணி உயிர்களை வகுத்தார். இவன் கையிலிருந்த அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

இதை இச்சை என்பதா, அறிதல் என்பதா? பியாஜேயைக் கேட்டால் இரண்டையும் பிரித்துவிடுவார். இத்தனைக்கும் 1921இல் ஜெனீவாவில் சபீனா ஸ்பீல்ரைனிடம் உளப்பகுப்பாய்வு செய்துகொண்டவர். 1953–54இல் சார்போனில் ஆற்றிய உரைகளில் அவர் தரும் உவமை பிரசித்தம்: உணர்வு பெட்ரோல், அறிவு எஞ்சின். பெட்ரோல் எஞ்சினை ஓட்டும், எஞ்சினின் அமைப்பை மாற்றாது. ஹான்ஸிடம் இந்த உவமை நிற்பதில்லை. அவனுடைய ஆசை எந்தப் பொருளைச் சுற்றியதோ அதுவே அவனுடைய வகைப்பாட்டுக்கு அச்சாகிவிட்டது. பெட்ரோல் இங்கே எஞ்சினையே வார்த்திருக்கிறது.

ஃப்ராய்ட் இதைப் பார்த்தார். குழந்தை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் பின்னால் வரும் சிந்தனைக்கெல்லாம் முன்மாதிரி; அந்த முதல் ஆராய்ச்சி தோற்றுப்போனால் அதன் ஊனம் நெடுங்காலம் தங்கும் என்று 1908இல் எழுதினார். 1910இல், லியனார்டோ பற்றிய நூலில், அதற்கு மூன்று முடிவுகளைச் சொன்னார்: அறியும் ஆவலே முடங்கிப்போவது, சிந்தனையே பாலியலாகி ஓயாமல் அரைப்பது, அல்லது ஆவல் தப்பி ஆராய்ச்சியாவது.

ஆனால் யார் தோற்கடிக்கிறார்கள்? இங்கேதான் ஃப்ராய்டோடு சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது. உனக்கும் உண்டா என்று ஹான்ஸ் அம்மாவைக் கேட்கிறான். பின்னே இல்லாமலா என்கிறாள் அம்மா. தொட்டால் டாக்டரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்லுவேன் என்று மிரட்டுவதும் அவளே. தங்கை பிறக்கிறாள், நாரை கொண்டுவந்தது என்கிறார்கள். குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டு, பாப்பாவுக்கு இன்னும் சின்னதாக இருக்கிறது, வளரும் என்று முடிவு கட்டுகிறான். தன் கோட்பாட்டைக் காப்பாற்றத் தரவைத் திருத்துகிறான். இதற்கு ஃப்ராய்ட் ஒரு குறும்பான அடிக்குறிப்பு போடுகிறார்: வூண்ட் பள்ளித் தத்துவவாதி நனவைப் பற்றிச் செய்வதும் இதேதானாம். நம் பேராசிரியர்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிறகு பயம் வந்தபோது, பெண்களுக்கு அது கிடையாது என்று சொல்லிவிடுங்கள் என்பது ஃப்ராய்ட் தகப்பனாருக்குக் கொடுத்த யோசனை. கிடையாது, சரி, என்ன இருக்கிறது? அது சொல்லப்படவில்லை. தரப்பட்ட அறிவே ஒரு ‘இல்லை’. எல்லோருக்கும் உண்டு, என்னுடையது ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது என்று பையன் பதறுகிறான். இதில் இச்சையின் பங்கு எவ்வளவு, குறைத்துக் கொடுத்த தகவலின் பங்கு எவ்வளவு? ‘இன்மை’யாகவே பெண்ணுடலை எழுதியதை இரிகரே 1974இல் தாக்கினார். நான் சொல்வது அதைவிடச் சின்ன விஷயம். ஆண்பிள்ளைக்குக் கொஞ்சலாக ஒரு பெயர் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு நம் வீடுகள் பலவற்றில் ‘ஷேம் ஷேம்’தான். பெயரே இல்லாத ஒன்றை அவள் எந்த வகைப்பாட்டில் வைப்பாள்? அவளுடைய ஹான்ஸ்-பக்கங்களை யாரும் குறித்து வைக்கவில்லை.

மறுதிசையும் உண்டு. 1975இல் ஆன் பெர்ன்ஸ்டைனும் பிலிப் கோவனும் குழந்தை எப்படி வருகிறது என்று குழந்தைகளிடமே கேட்டார்கள். பதில்கள் அவர்களுடைய பொதுவான அறிதல் நிலையை ஒட்டியே இருந்தன. சொல்லித்தந்த உண்மையைக்கூடத் தங்கள் தர்க்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். ஆக, உண்மையைச் சொன்னால் போதும் என்பதும் அப்பாவித்தனம். பியாஜேயோ, இதை நேரடியாகக் கேட்பதற்கு ஒழுக்க, கல்வி ரீதியான தடைகள் உண்டென்று 1926லேயே ஒதுங்கிக்கொண்டவர். அறிவை ஆராய வந்தவர் மிகக் கூர்மையான கேள்வியின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டார்.

ஹான்ஸ் நிற்கவில்லை. பிறப்பதற்கு முன்பே தங்கை பெட்டியில் தங்களோடு பயணம் வந்ததாக ஒரு கதை கட்டி அப்பாவிடம் விடுகிறான். நாரையை நான் நம்பணும்னா இதை நீ நம்பு என்ற நக்கல் அது என்று ஃப்ராய்ட் சரியாகவே வாசிக்கிறார். பயம் தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருந்ததாகத் தகப்பனாரின் கடைசிக் குறிப்பு சொல்கிறது: பெறுவது அம்மா என்றால், அப்பாவுக்கு இதில் என்ன வேலை? தன் பொறுப்பில் இருந்திருந்தால் யோனியையும் புணர்ச்சியையும் சொல்லியிருப்பேன் என்று ஃப்ராய்ட் பின்னுரையில் எழுதினார். பையனிடம் யாரும் சொல்லவில்லை.