துக்கடா என்ற சொல்லும் 1941-ன் ஒரு தீர்மானமும்

ஆழ்வார்பேட்டை நாரத கான சபாவிலிருந்து டி.டி.கே. சாலையிலேயே வடக்கே நடந்தால் மியூசிக் அகாடமி வந்துவிடும். டிசம்பரில் இந்த வழி முழுக்கக் காதில் விழுவது தமிழ்தான். கேன்டீன் வரிசையில் நின்றபடி பாடகரின் பிருகாவை அலசுவதும் தமிழில்தான். உள்ளே பாடப்படுவதில் பெரும்பகுதி தெலுங்கும் சமஸ்கிருதமும். காலை நேர லெக்-டெம்கள் பெரும்பாலும் ஆங்கிலம். இந்த அடுக்குமுறை எப்படி யாருக்கும் உறுத்தாத ஒன்றாக ஆச்சு? அதுக்கு 1941-க்குப் போகணும்.

அந்த வருஷம் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாடு, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு முக்கிய இடம் வேண்டும் என்றது. வருஷம் முடிவதற்குள் அகாடமி பதில் தீர்மானம் போட்டது. அதன் சாரம் இது: கர்நாடக சங்கீதத்தின் உயர்ந்த தரத்தைக் காப்பதே நோக்கம், மொழி பற்றிய யோசனையை உள்ளே கொண்டுவந்து அந்தத் தரத்தைக் குறைத்துவிடக் கூடாது.

தமிழ் தாழ்ந்தது என்று இதில் எங்கேயும் இல்லை. அதனால்தான் இதைக் கெட்டிக்கார வாக்கியம் என்கிறேன். ‘உள்ளே கொண்டுவருவது’ என்றால், அதுவரை மொழி வெளியே இருந்தது என்று அர்த்தம். அப்போ தியாகராஜரின் தெலுங்கும் தீட்சிதரின் சமஸ்கிருதமும் என்ன? அவை மொழிக் கணக்கிலேயே வரவில்லை, சங்கீதமாகவே ஆகிவிட்டன. தமிழ் வந்து கதவைத் தட்டினால் மட்டும் அது மொழிப் பிரச்சினை. நாற்காலியில் இருப்பவர் பேசினால் நிர்வாகம், வாசலில் நிற்பவர் பேசினால் அரசியல் என்கிறோமே, அந்த மாதிரி.

வித்வான்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. பாடாந்தரம் குருவிடமிருந்து வருவது, தலைமுறை தலைமுறையாக மெருகேறியது. அதை ஒரு மாநாடு சொல்லி ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் இது பழக்கம், பயிற்சி பற்றிய வாதம். தீர்மானம் அதைத் தரம் பற்றிய வாதமாக்கிவிட்டது.

பெயர்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. மும்மூர்த்திகள் என்றால் தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி; அடைமொழி தேவையில்லை. அவர்களுக்கு முந்திய முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர் மூவரையும் சொல்லணும்னா ‘தமிழ் மூவர்’ அல்லது ‘ஆதி மும்மூர்த்திகள்’. காலத்தால் முன்னால் வந்தவர்களுக்குத்தான் ஒட்டுச்சொல்! துக்கடா என்பதும் அப்படியே. துண்டு என்று பொருள்படும் வடக்கத்திச் சொல் அது. கடைசி அரைமணி நேரத்துக்கு அந்தப் பெயரை வைத்து, தமிழ்ப் பாட்டுகளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாகிவிட்டது. அப்புறம் ‘தமிழில் கனமான உருப்படி எங்கே இருக்கு’ என்ற கேள்வி தானாகவே வரும்.

தமிழிசை இயக்கத்தையும் சும்மா விட முடியாது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார்கள், பண் ஆராய்ச்சி நடத்தினார்கள், சங்கீத கலாநிதிக்கு எதிரே இசைப்பேரறிஞர் என்று ஒரு பட்டம் வைத்தார்கள். பெரிய காரியங்கள்தான். ஆனால் கச்சேரியின் வரிசை, மேடை, பட்டமளிப்பு எல்லாம் அதே அச்சு. ‘தமிழிசை’ என்ற அடைமொழிப் பெயரையே கொடியாகப் பிடித்தபோது, வெறும் ‘சங்கீதம்’ என்ற சொல் எதிர்த்தரப்பிடமே தங்கிவிட்டது. (தமிழிசைக்காக வாதாடிய கல்கி, சங்கீத விமர்சனம் எழுத வைத்துக்கொண்ட புனைபெயர் ‘கர்நாடகம்’. பழைய பஞ்சாங்கம் என்ற பேச்சுவழக்குப் பொருளையும் சேர்த்தே விளையாடியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.)

பாபநாசம் சிவனுக்கு அகாடமியின் சங்கீத கலாநிதி 1971-ல் கிடைத்தது. இன்று தமிழ்க் கிருதியை விரிவாகப் பாடுபவர்கள் இருக்கிறார்கள், ரசிகர்களும் கைதட்டுகிறார்கள். வெளியே வரும்போது ‘இன்னிக்கு மெயினே தமிழ்’ என்று வியந்து சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ‘இன்னிக்கு மெயினே தெலுங்கு’ என்று இதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.