துவக்குக்குக் கண் வைத்தல்

யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றதும் இன்று பலருக்கு நினைவில் எழுவது போர்க்காலத் துவக்குத்தான். அதற்கு முந்திய தலைமுறைக்கு அந்தச் சொல் வேறொன்று: வீட்டு மூலையில் சாய்ந்து நின்ற ஒற்றைக்குழலோ இரட்டைக்குழலோ கொண்ட தோட்டாத் துவக்கு. குடாநாட்டில் அதற்கு வேலை குறைவு. பனங்கூடலில் முயலும் காடையும் கிடைத்திருக்கலாம். மானும் மரையும் பன்றியும் வேண்டுமென்றால் ஆனையிறவைத் தாண்டி வன்னிக்குப் போகவேண்டும். யானைகள் எதிர்த்திசையில் வந்தன. ஒல்லாந்தர் காலத்தில் வன்னியில் பிடித்த யானைகளைக் குடாநாட்டுக்குள் நடத்தி வந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள்.

அந்தத் தோட்டாத் துவக்கின் குழல் நுனியில் ஒரு சிறு பித்தளை மணி இருக்கும். பின்னால் ஒன்றுமில்லை. சுடுகிறவன் கண்தான் பின்குறி. முப்பது நாற்பது யாருக்குள் சன்னங்கள் விரிந்து போய்க் கைப்பிழையை மறைத்துவிடும் என்பதால் அது போதும். ரைபிளில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு குண்டு, ஒரு துளை. குறி தப்பினால் தப்பியதுதான். அதைவிட மோசம், தப்பாமல் வயிற்றில் பட்டு மிருகம் காட்டுக்குள் ஓடிப்போவது. ரைபிளுக்கு எந்தக் கண் வைப்பது என்பது அலங்கார விஷயமல்ல என்று தொடங்கும்போதே சொல்லிவிடுகிறேன். அதை அலங்காரமாக்கியவர்கள் பலர்.

இங்கே எடுத்துக்கொள்வது ஒரு தனிவகை: பெருங்குண்டு சுடும் லீவர் ரைபிள். விசைக்குக் கீழேயுள்ள வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் சுட்ட கோது வெளியே விழும், அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அமெரிக்கச் சரக்கு. நம் பக்கத்துக் காடுகளில் இதைப் புகழ்பெறச் செய்தவர் கென்னத் அண்டர்சன். 1910இல் பிறந்து 1974இல் இறந்த பெங்களூர்க்காரர். ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துத் தமிழ்க் காடுகளில் அலைந்து எழுதிய அவருடைய முதல் வேட்டைநூல் 1954இல் வந்தது. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். ஜோன் பிரௌனிங் வடிவமைத்த 1895ஆம் ஆண்டு மாதிரி ரைபிள். அந்தத் தோட்டா 1904இல் வந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆபிரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சிங்கத்துக்கு இதுவே மருந்து என்று கொண்டாடியதும் இதே ரைபிளைத்தான்.

குறியைப் பற்றிப் பேசுமுன் குண்டைப் பற்றிப் பேசவேண்டும். லீவர் ரைபிள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு நீளக் குழாயில், ஒன்றன் முதுகில் ஒன்று முட்டியபடி வரிசையாக இருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால் அது முன்னிருக்கும் தோட்டாவின் வெடிமூடியில் குத்தி உள்ளேயே வெடிக்கக்கூடும். அதனால் மொட்டைமுனைக் குண்டு. மொட்டைமுனை காற்றை உடைத்துக்கொண்டு போகாது, தள்ளிக்கொண்டு போகும். வேகம் சீக்கிரம் விழும். அமெரிக்க இராணுவம் 1873இல் ஏற்ற .45-70 தோட்டாவின் பழைய அளவு 405 கிரெயின் குண்டு. நூறு யாரில் சரியாகப் படும்படி குறி வைத்தால், இருநூறு யாரில் அது ஏறத்தாழ இரண்டு அடி தாழ்ந்து போகும். (அண்டர்சனின் 1895 மாதிரியில் குழாய்க்குப் பதில் பெட்டி இருந்ததால் கூர்முனையும் போடலாம். அது விதிவிலக்கு. 2000களின் நடுவில் வந்த, முனை மட்டும் மெதுவான கூர்குண்டுகள் மொட்டைமுனையின் குறையைக் கொஞ்சம் தணித்திருக்கின்றன.)

இந்தக் கணக்கை மனதில் வைத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இது நூற்றைம்பது யாருக்குட்பட்ட ஆயுதம். அதற்கு மேல் பார்க்கும் கண் இதற்குத் தேவையில்லை. கைக்கு எட்டாததைக் கண்ணுக்குக் காட்டிக் கொடுத்தால் கை சும்மா இருக்காது என்பதுதான் சங்கடம்.

தொழிற்சாலையிலிருந்து வரும் குறி பெரும்பாலும் மாட்டுக்கொம்பு வடிவம்: பின்னால் இருபுறமும் வளைந்தெழும் இரு கொம்பு, நடுவில் ஒரு வெட்டு, முன்னால் ஒரு மணி. பார்க்க அழகு. பாவிக்க, என் மதிப்பில், இந்த ரைபிளின் மிகப் பலவீனமான உறுப்பு. கொம்புகள் மிருகத்தின் பாதியை மறைக்கின்றன. அதைவிடப் பெரிய குறை கண்ணுக்குள்ளே இருக்கிறது. பின்வெட்டு ஒரு தூரம், முன்மணி ஒரு தூரம், மிருகம் ஒரு தூரம். மூன்றையும் ஒரே நேரம் தெளிவாகப் பார்க்கும் கண்ணை இயற்கை எவருக்கும் தரவில்லை; இளங்கண் வேகமாக மாறி மாறிப் பார்த்துச் சமாளிக்கும். நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து விழுந்ததும் பின்வெட்டு பஞ்சாகக் கரைந்துபோகும். பத்திரிகையைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பவர் பின்வெட்டை அப்படித் தள்ளிப் பிடிக்க முடியாது.

அதற்கு மாற்று, துளைக்குறி. பின்வெட்டை எடுத்துவிட்டு, கண்ணுக்கு நெருக்கமாக ஒரு சிறு வளையம். வளையத்தைப் பார்க்கக்கூடாது, அதன் ஊடாகப் பார்க்கவேண்டும். மணியைத் துளையின் நடுவில் நிறுத்தும் வேலையைக் கண் தானாகவே செய்துவிடும். மூன்று தூரம் இரண்டாகிறது. துளை சிறிதாக இருப்பதால் அந்த இரண்டும் முன்னைவிடத் தெளிகின்றன. வில்லியம் லைமன் என்ற அமெரிக்கர் 1870களின் இறுதியில் இந்த வகைக் குறியைச் செய்து விற்கத் தொடங்கினார். அவர் பேரில் வந்த கம்பனி இன்றும் இருக்கிறது.

இன்னொரு இலாபம் வெறும் கணக்கு. இரு குறிகளுக்கும் இடைத்தூரம் 18 அங்குலம் என்றால், அங்குலத்தில் நூற்றிலொரு பங்கு பிசகு நூறு யாரில் இரண்டு அங்குலமாகும். துளைக்குறி பின்னால் நகர்ந்து அந்தத் தூரம் 24 அங்குலமானால் அதே பிசகு ஒன்றரை அங்குலம். கை மாறவில்லை, கண் மாறவில்லை. தடி நீண்டது, அவ்வளவுதான்.

குறை இல்லையா? உண்டு. பொழுது சாயும் நேரம், அதாவது காட்டு மிருகம் குளக்கரைக்கு இறங்கும் அதே நேரம், சிறு துளை வெளிச்சத்தைக் குடித்துவிடும். மாரி மழையில் ஒரு துளி நீர் துளைக்குள் தங்கினால் துவக்கு குருடு. அதற்கென்றே மெல்லிய விளிம்பும் அகன்ற துளையும் உள்ள வளையம் வந்தது. பார்க்கும்போது வளையமே ஆவிபோல மறைந்துபோகும். நூறு யாருக்குள் அது போதும். காகிதத்தில் குண்டுத்துளைகளை நெருக்கிக் காட்ட விரும்புகிறவர்கள் அதை ஏளனம் செய்வார்கள். மேசையில் மணல்மூட்டை அடுக்கிச் சுட்டு அளந்த நெருக்கத்துக்கும், மூச்சுவாங்க நின்று பற்றைக்குள் அசையும் பழுப்பு நிறத்தை நோக்கிச் சுடுவதற்கும் இடையில் உள்ள தூரத்தை எந்தக் குறியும் குறைத்துவிடாது.

முன்மணியைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படுவதில்லை, படவேண்டும். உருண்டையான பளபளப்புப் பித்தளை மணி நிழலில் நன்றாகத் தெரியும். ஆனால் மாலை வெயில் வலப்பக்கத்திலிருந்து அடிக்கும்போது மணியின் வலப்பக்கம் மட்டும் மின்னும். கண் அந்த மினுக்கத்தை நடு என்று எடுத்துக்கொள்ளும். குண்டு இடப்பக்கம் போகும். வெளி விரிந்த நம் தரவைகளில் வெயிலுக்கு மறைப்பேது? முகம் தட்டையான, மங்கல் வெள்ளையோ கறுப்போ ஆன முன்குறியே நல்லது.

பிரித்தானியர் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவந்த பெருரைபிள்களில் வேறொரு மரபு இருந்தது: அகன்று தாழ்ந்த வி வடிவம், நடுவில் ஒரு வெள்ளிக்கோடு, முன்னால் பெரிய வெள்ளை மணி. நுட்பம் குறைவு, வேகம் அதிகம். 1840களின் பிற்பகுதியில் இலங்கைக்கு வந்து நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரிடம் 21 இறாத்தல் நிறையில், 3 அவுன்ஸ் குண்டு சுடும் ரைபிள் ஒன்று இருந்தது. யானையைச் சில அடி தூரத்தில் எதிர்கொண்டு சுட்ட காலம் அது. அந்தத் தூரத்தில் குறி என்பது குழல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைவூட்டும் ஒரு அடையாளம்தான். அந்த வீரக்கதைகளை இன்று என்னால் இரசிக்க முடியவில்லை. தேவைக்கேற்ற குறி என்ற அவர்கள் தெளிவை மட்டும் மதிக்கிறேன்.

ஸ்கோப்புக்கு வருவோம். லீவர் ரைபிளின் உடம்பு ஸ்கோப்புக்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய வின்செஸ்டர்கள் கோதை மேலே எறியும். அங்கே கண்ணாடிக் குழாயைப் பூட்டினால் கோது அதில் மோதும். மார்லின் ரைபிள் பக்கவாட்டில் எறிவதால் அதில் பூட்டலாம். பூட்டினாலும் கட்டையின் முதுகு தாழ்வானது. கன்னம் மரத்தை விட்டு எழும்பிக் கழுத்தை நீட்டவேண்டும். பிறகு கன்னத்துக்குத் தோல்மெத்தை. பிறகு ஸ்கோப்புக்கடியில் விரல் போகாதபடியால், பெருவிரலால் பின்னிழுக்கும் குதிரைக்கு ஒரு பக்கநீட்டு. ஒரு திருத்தம் இன்னொன்றைக் கேட்கும், அது மூன்றாவதைக் கேட்கும். பெருங்குண்டின் உதை வேறு: கண்ணைச் சற்று நெருக்கி வைத்தால் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறைவடிவில் வெட்டு வைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ரைபிளின் தனியழகே அதன் நடுவை ஒரு கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம் என்பது. அந்தப் பிடியிடத்தில்தான் ஸ்கோப் குந்துகிறது. கடற்காற்றின் உப்பும், மாரிக்கால ஈரமும், கண்ணாடிக்குள் படியும் ஆவியும் நமக்கே உரிய மேலதிகச் செலவு.

இத்தனையும் சொன்ன பிறகும் ஸ்கோப்பை ஒரேயடியாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம் தூரமல்ல. நான்கு மடங்கைத் தாண்டாத சிறு ஸ்கோப் ஒரு வேலையை இரும்புக்குறிகளைவிட நன்றாகச் செய்யும்: எதிரே நிற்பது என்ன என்று காட்டும். பற்றைக்குப் பின்னால் தெரிவது பன்றியின் முதுகா, விறகு பொறுக்கக் குனிந்தவரின் முதுகா? குட்டியோடு நிற்கும் மரையா? வேட்டையில் நேர்ந்த கொடுமைகளில் பல, குறி தவறியதால் வந்தவையல்ல. குறி சரியாக, ஆனால் வேறொன்றின்மேல் பட்டதால் வந்தவை. ஆனாலும் ஒரு ஆபத்து கூடவே வரும். பார்ப்பதற்காக ஸ்கோப்பை உயர்த்துகிறவன் துவக்கையும் சேர்த்தே உயர்த்துகிறான். ஆளா மிருகமா என்று அவன் தேடும் நேரத்தில் குழல் ஏற்கெனவே அந்த ஆளை நோக்கித்தான் இருக்கிறது. கழுத்தில் ஒரு இருகண் நோக்கி தொங்கினால் இந்தச் சிக்கலே இல்லை. அதைப் பற்றி மட்டும் யாரும் ஆர்வமாகப் பேசுவதில்லை.

சிவப்புப் புள்ளிக் குறிகளுக்கு ஒரு பந்தி போதும். இரு கண்ணும் திறந்தபடி விரைவாகச் சுடலாம், வெள்ளெழுத்தும் தடையல்ல. பற்றரி தீரும். வேட்டைக்காரர் ஜிம் கோர்பெற் 1926இல் ருத்ரப்பிரயாக்கின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்ட இரவில், ரைபிளில் பூட்டியிருந்த ரோச் விசையை அழுத்திய கணத்தில் அணைந்துபோனது. அந்த ஒரு கணம் அவருக்குப் போதுமாயிருந்தது. அண்டர்சனும் பரணில் இரவிருந்தபோது ரோச்சை ரைபிளோடு சேர்த்துப் பூட்டியவர்தான். யோசித்துப் பார்த்தால் அவர்கள் இருவரும் ரைபிளுக்குச் செய்த முக்கியமான மாற்றம் குறியில் இல்லை, வெளிச்சத்தில் இருந்தது. நம்மூரில் தலையில் லைற் கட்டிப் போனவர்களுக்கும் அதே பாடம் உண்டு, கசப்பான பாதியோடு: ரோச் வெளிச்சத்தில் முதலில் தெரிவது இரண்டு கண்கள். உடம்பு பிறகுதான் தெரியும்.

இன்று விற்கப்படும் மற்ற அலங்காரங்களில், பெரிய லீவர் வளையம் 1939இல் ஜோன் வெய்ன் படத்தில் சுழற்றிக் காட்டியதிலிருந்து ஓயாத மோகம். கையுறை போடாத நாட்டில் அதனால் பயனில்லை. குறியை மாற்றினால் மறுபடி சுட்டுச் சரிபார்க்கவேண்டும் என்பதுதான் விற்பவர் சொல்லாத செலவு. தோட்டா எண்ணிக் கிடைக்கும் இடத்தில் நல்ல குறி என்பது ஒருமுறை சரிபார்த்தபின் அசையாத குறி.

இலங்கையில் காட்டு உயிர்களைக் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இலும், சுடுகலன் கட்டளைச் சட்டம் அதற்கு முன் 1916இலும் வந்தன. இரண்டுக்கும் தப்பி இன்றும் வன்னியிலும் கிழக்கிலும் தெற்கிலும் கிடக்கிறது கட்டுத்துவக்கு. மிருகம் வரும் தடத்தில் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவார். பன்றிக்கு வைத்தது யானையின் காலைத் துளைக்கும். ஆளின் தொடையையும் துளைக்கும். கட்டியவரே அதில் மாட்டியதும் உண்டு. பயிரைக் காக்க வேறு வழி இல்லை என்கிற கமக்காரரின் நியாயம் எனக்குத் தெரியும். ஒரு இரவில் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டுப் போன வயலைப் பார்த்தவர்கள் அதை இலேசாகப் பேசமாட்டார்கள். ஆனால் குறிகளைப் பற்றிய இந்தப் பேச்சில் அந்தத் துவக்குக்கும் ஓர் இடம் உண்டு. அதன் குழலில் மணி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெடிக்கும்போது பின்னால் கண் இல்லை.