பெயர் போன படம்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையில் ஒரு புகைப்படம் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் எடுத்தது. விடியற்காலை நேரம். பின்னால் மேற்கு மலை கறுத்து நிற்கிறது. ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருக்கிறார்கள். எல்லோரும் பாதையைப் பார்க்க, ஓரத்தில் ஒருத்தி மட்டும் தன் தூக்குவாளியின் மூடியை அழுத்திப் பார்க்கிறாள். அந்த ஒரு செய்கையில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. மத்தியானச் சோறு சிந்தாமல் மலை ஏற வேண்டுமே என்ற கவலை அது.

இந்தப் படத்தை அவர் இணையத்தில் வெளியிட்டார். சில மாதங்களில் அது ஒரு சுற்றுலா விளம்பரமாகத் திரும்பி வந்தது. மூலையில் இருந்த அவர் பெயரை வெட்டியிருந்தார்கள். அதோடு தூக்குவாளிக்காரியும் போய்விட்டாள். மிச்சப் பேரின் தலைக்கு மேல், கவலையை மறக்க மலைக்கு வாருங்கள் என்று வர்ண எழுத்து. கூலிக்குப் போகிறவர்கள் உல்லாசப் பிரயாணிகளாகிவிட்டார்கள்!

இளைஞருக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தில் அவர் செய்த காரியம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. தம் படங்கள் எல்லாவற்றின் நடுவிலும் குறுக்காகத் தம் பெயரைப் பெரிய வாட்டர்மார்க்காகப் போட்டுவிட்டார். “இனிமே எவன் எடுப்பான், சார்?” என்றார். “எவனும் எடுக்க மாட்டான், எவனும் பார்க்கவும் மாட்டான்” என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. அந்தப் பதிலுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இணையத்தில் ஒரு படத்தைப் பார்ப்பது என்றால் என்ன? அதன் நகல் ஒன்று பார்ப்பவரின் கருவிக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்றே அர்த்தம். பொத்தானை அழுத்தினால் சேமிக்க முடியாதபடி செய்துவிட்டேன் என்பது, சந்தனத்தை எல்லோருக்கும் பூசிவிட்டுக் கிண்ணத்தைப் பூட்டி வைப்பது போலத்தான். வாட்டர்மார்க்கும் அசைக்க முடியாத காவல் அல்ல. ஒரே குறியைப் பல படங்களில் ஒரே மாதிரி போட்டால், அவற்றை ஒப்பிட்டுக் கம்ப்யூட்டரே குறியை நீக்கிவிடும் என்று 2017-ல் கூகிள் ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள். ஆகத் திருடனுக்கு அது சிறு தொல்லை, ரசிகனுக்கோ பெருந்தொல்லை. தூக்குவாளியின் மேலேயே எழுத்து ஓடினால் படத்தில் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்?

நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டுச் சுவரில் பழைய காலண்டர்ப் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-ல் மறைந்த கொண்டைய ராஜு வரைந்தது. அவர் பாணியைப் பின்பற்றி வரைந்தவர்கள் அநேகர். ஆனாலும் இது அவர் படம் என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது. கீழே அவர் கையெழுத்து இருக்கிறது. அது அம்மனின் முகத்தை மறைக்கவில்லை.

இங்கிலாந்தில் ஹோகார்த் என்ற ஓவியரும் இதே தொல்லையை அனுபவித்தார். அவரும் சகாக்களும் நாடாளுமன்றத்தில் மனுச் செய்து 1735-ல் ஒரு சட்டம் வாங்கினார்கள். அச்சுப் படங்களுக்கு 14 வருஷப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் உரிமையாளரின் பெயரும் வெளியிட்ட தேதியும் ஒவ்வொரு படத்திலும் இருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை. பெயரும் படமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

நம் 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புகைப்படத்துக்கு, எடுத்தவரின் ஆயுட்காலம் முழுவதும், அவர் மறைந்தபின் 60 வருஷத்துக்கும் உரிமை உண்டு. பதிவு செய்தே தீர வேண்டும் என்பதில்லை. உரிமையை விற்றுவிட்டாலும், இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளவும், தன் மதிப்புக்கு ஊறு செய்யும்படி அதைச் சிதைத்தால் தட்டிக் கேட்கவும் 57-வது பிரிவு இடம் தருகிறது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் வெண்கலச் சிற்பத்தை 1979-ல் பெயர்த்தெடுத்த அரசாங்கத்தின் மேல் அமர்நாத் சேகல் இந்தப் பிரிவின்கீழ்தான் வழக்குத் தொடுத்தார். 2005-ல் டெல்லி உயர்நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பித் தரவும் 5 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கவும் உத்தரவிட்டது. மின்படத்தோடு சேர்ந்த உரிமை விவரங்களை அனுமதியின்றித் தெரிந்தே நீக்குவது, 2012 திருத்தத்தின்படி இரண்டு வருஷம் வரை சிறைக்குரிய குற்றம்.

சட்டம் இருந்தால் திருட்டு நின்றுவிடுமா? நிற்காது. வழக்காட இளைஞரிடம் பணமும் இல்லை. ஆனால் தற்காப்புக்குச் சில வழிகள் உண்டு. பெரிய அளவு மூலப்படத்தை வீட்டில் வைத்துக்கொண்டு சிறிய நகலை மட்டும் வெளியிடலாம். படக்கோப்பின் உள்ளேயும் பெயரை எழுதி வைக்கலாம். படத்தைக் கொடுத்தே தேடும் வசதியால், அது எங்கெங்கே போயிருக்கிறது என்று அவ்வப்போது பார்க்கலாம். கண்ணில் படும் பெயரை மூலையில் போடாமல், வெட்டினால் படமே கெட்டுப்போகும் இடத்தில், ஜீப்பின் தடம் பதிந்த மண்ணின் மேல் சிறிதாகப் போடலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு இளைஞர் தூக்குவாளிக்காரியிடம் போய் விளம்பரத்தைக் காட்டினாராம். அந்த அம்மாள் சிரித்திருக்கிறாள். “என்னைய வெட்டிட்டானா? நல்லதாப் போச்சு தம்பி. மத்தவளுகளத்தான் டூரு கூட்டிட்டுப் போயிட்டான், நான் வேலைக்குப் போயிக்கிட்டிருக்கேன்” என்றாளாம்.

இந்தப் படத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமரிசனத்தை நான் எழுதிவிட முடியாது. குறுக்கெழுத்தை இளைஞர் எடுத்துவிட்டார். படத்தின் கீழே இப்போது அவர் பெயர் இருக்கிறது. ஊர்ப் பெயர் இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்றும் இருக்கிறது.