தெபெல்மெமேயில் நிற்காத கார்

அல்ஃபோன்சோ குவாரோனின் 'இ து மமா தம்பியென்' (2001) படத்தை முதலில் பல்கலைக்கழக விடுதியில் நண்பர்களோடு சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். இரண்டு பதின்வயதுப் பையன்கள், அவர்களைவிட மூத்த ஸ்பானியப் பெண் ஒருத்தி, அவளை மயக்க அவர்கள் இட்டுக்கட்டிய ஒரு கடற்கரை. அவ்வளவுதான் படம் என்று நினைத்தேன்.

பல வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது காருக்கு வெளியே நடப்பதுதான் கண்ணில் பட்டது. மெக்சிகோ நகரிலிருந்து ஒஹாக்காக் கரைக்குப் போகும் வழியில் பையன்களின் அரட்டை திடீரென அறுபடும். எஞ்சின் சத்தமும் இராது. பிறகு, உணர்ச்சி காட்டாத ஓர் ஆண்குரல் அவர்கள் அறியாத எதையாவது சொல்லும். சிலவேளை அறிந்தும் பேசாத எதையாவது.

டெனோச் அரசியல் செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை. கார் தெபெல்மெமே என்ற ஊரைக் கடக்கிறது. பிறந்ததிலிருந்து அவனை வளர்த்த லியோவின் ஊர் அது. பதின்மூன்று வயதில் அங்கிருந்து தலைநகருக்கு வந்தவள். நான்கு வயதுவரை அவளைத்தான் அவன் அம்மா என்று கூப்பிட்டான். அந்த ஊருக்கு ஒருநாளும் போனதில்லை. மற்ற இருவரிடமும் இதை அவன் சொல்லவில்லை. கார் நிற்பதில்லை, பின்னோக்குக் காட்சியும் இல்லை. வீட்டுவேலைப் பெண் ஒருத்தியைப் பற்றியே குவாரோன் பின்னர் 'ரோமா' (2018) எடுத்தார். எனக்கு இந்த அரை நிமிடம்தான் கூடக் கனக்கிறது.

குறையும் உண்டு. லூயிசாவைப் படம் பெரும்பாலும் பையன்களுக்கான பாடமாகவே வைத்திருக்கிறது. அவளுடைய நோயைக் கடைசியில் அவிழ்ப்பது மலிவான உத்தி. மீனவன் சூயின் விடயம் அப்படியில்லை. ஹோட்டல் கட்ட அவன் வீடு போகும், படகுச் சவாரி நடத்தும் முயற்சி தோற்கும், இரண்டு வருடத்தில் அதே ஹோட்டலில் துப்புரவு வேலை, இனி அவன் மீன் பிடிக்கமாட்டான் என்று அந்தக் குரல் சொல்லி முடிக்கையில் அவன் இன்னும் நம் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

எட்டு வருடம் முன்பு திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோர வீதியால் வானில் போனோம். நான் மூன்று வயதில் நாட்டைவிட்டுப் போனவன். எனக்கு எல்லாம் காட்சி. பின்சீற்றில் மச்சான்மார் பாட்டுப் போட்டிருந்தார்கள். கதிரவெளியைக் கடந்தபோது அம்மா யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். நித்திரை என்று நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஸ்காபரோவில், மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மா தற்செயலாகச் சொன்னார்: முதல் ஆசிரியர் நியமனம் கதிரவெளியில்தான்.

"ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் எல்லாரும் சந்தோசமா இருந்தனீங்கள்."

2006 நவம்பரில் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அகதிகளாகத் தங்கியிருந்த சனங்கள்மேல் செல் விழுந்தது. அதே பள்ளிக்கூடமா என்று நான் கேட்கவில்லை. அந்தப் பகலில் எடுத்த இருநூறுக்கு மேற்பட்ட படங்கள் இன்னும் என் போனில் இருக்கின்றன. வெருகலுக்கும் வாகரைக்கும் இடையில் எடுத்தது ஒன்றுமில்லை.